சைகோன் மதாம் வேஷம்

எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி "அவர் சைகோனில் இருந்தவர்" என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் மரியாதை வரும். கொஞ்சம் பொறுத்துச் சந்தேகமும் வரும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் புதுச்சேரியிலிருந்து படித்த ஆண்கள் கூட்டம் கூட்டமாக இந்தோசீனாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். நீதிமன்றம், சுங்கம், பட்டாளம், காவல்துறை என்று அங்கே எங்கு பார்த்தாலும் நம் ஆட்கள்தான். பெரும்பாலோர் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போனவர்கள். திரும்பி வரும்போது பென்ஷன், பளபளக்கும் மரப்பெட்டிகள், கத்தியும் முள்ளும் வைத்துச் சாப்பிடும் பழக்கம் எல்லாம் கூடவே வந்தன. கூட வராதது என்ன என்றுதான் ஊர் யோசிக்கும்.

என் அப்பாவும் சைகோனில் இருந்தவர்தான். வீட்டில் அவரைப் பப்பா என்று கூப்பிடுவோம். தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது விடுமுறையில் வந்துவிட்டுப் போனவர், யுத்தம் மூண்டு கப்பல் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். எனக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த பிறகுதான் அவரைப் பார்த்தேன். ஒருநாள் வாசலில் மெலிந்த மனிதர் ஒருவர் நின்று தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார். பெற்ற மகளுக்குத் தொப்பியைக் கழற்றுகிற அப்பாவை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. உள்ளே ஓடிப்போய், "அம்மா, யாரோ ஒரு முசே வந்திருக்காரு" என்றேன். பிரெஞ்சில் ஐயா என்பதற்கு எங்கள் வாயில் முசே.

நல்ல மனிதர். குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் எனக்குச் சந்தேக புத்தி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பால்காரர் சிரித்தால்கூடத் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று நினைப்பேன். பப்பா பூனைக்குச் சோறு வைக்கும்போது மட்டும், தமிழும் இல்லாத பிரெஞ்சும் இல்லாத ஒரு பாஷையில் அதைக் கொஞ்சுவார். சுங்க இலாகாவில் கப்பல் சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாஷையில் அதிகாரம் செய்யத் தெரிந்திருக்கலாம். கொஞ்சுவதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

என் கவலை அவரைப் பற்றியது இல்லை, அம்மாவைப் பற்றியது. யுத்தம் முடிகிறவரை புருஷனிடமிருந்து ஒரு வரி வராமல், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், பின்னால் பேசுகிறவர்களைத் திரும்பியும் பார்க்காமல், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்கு நிமிர்ந்து நடந்து போய் வந்தவள் அவள். அவள் அத்தனை வருஷம் காத்திருந்தது ஒரு ஏமாளியின் காத்திருப்பு என்று ஆகிவிடக்கூடாது. அதிலும் ஊர் பார்க்க ஆகிவிடக்கூடாது. இதுதான் எனக்குள் இருந்த பயம். அந்தப் பயத்தோடுதான் நான் போய் அந்த நாடகத்தில் மாட்டிக்கொண்டேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் சட்டப்படி ஊர் யாருக்குச் சொந்தம் என்ற விஷயம் பாரிசில் இன்னும் முழுதாகத் தீரவில்லை. எங்கள் பெரிய வீட்டுக்காரர்கள் யாருக்குச் சலாம் போடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் போட்டுவைத்தார்கள். அதிகாரம் போய்விட்டது, கௌரவம் மட்டும் மிச்சம். அதைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் போட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது.

அவர் கல்லூரியில் பாடம் சொன்ன இளைஞர். மூலக்குளத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். எல்லோரும் அவரை வாத்தியார் என்போம். பெரிய வீட்டு விருந்துகளில் அவருக்கு எப்போதும் கதவோரத்து நாற்காலிதான் கிடைக்கும் என்றும், அங்கே உட்கார்ந்துதான் அவர் எல்லாவற்றையும் கவனித்தார் என்றும் பிற்பாடு தோன்றியது. நாடகத்துக்குக் 'கனவான் வீட்டுக் கல்யாணம்' என்று பெயர் வைத்திருந்தார்.

கதை இதுதான். சைகோனிலிருந்து பென்ஷன் வாங்கி வந்த ஒரு கனவான். நன்னடத்தைச் சங்கம் என்று ஒன்றை வைத்து ஊருக்கெல்லாம் ஒழுக்கம் போதிப்பவர். மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கும்போது, பெயர் கெட்டவர்கள் ஒருவரும் வரக்கூடாது என்று ஒவ்வொரு வீடாகத் தள்ளிக்கொண்டே வருவார். கடைசியில் பரிசுத்தமான நாலைந்து கனவான்கள் மட்டும் மிஞ்சுவார்கள். முகூர்த்த நேரத்தில் துறைமுகத்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு ஒரு சைகோன் மதாம், அந்த ஊர்ப் பெண், தன் ஊர் உடுப்போடு கல்யாண வீட்டுக்குள் நுழைவாள். அவ்வளவுதான். அங்கே இருக்கிற ஒவ்வொரு கனவானும் அவள் தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஒருவர் தொப்பியால், ஒருவர் மாலையால், இன்னொருவர் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல. அந்த மதாமோ கன்னியர் மடத்துக்கு வழி கேட்க வந்தவள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் ஆண்களுக்கெல்லாம் பல்வலியா?" என்று கேட்பாள்.

மதாமாக நடிக்க வேண்டியவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு ஆண். பெண் வேஷத்துக்கு ஆண் என்பதுதான் அங்கே அதுவரை பழக்கம். மனிதர் மீசையை எடுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். பெண் வேஷத்துக்குப் பெண்ணே வந்தால் என்ன என்று வாத்தியார் கேட்டார். நான் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளி விழாக்களில் நடித்துப் பெயர் வாங்கியிருந்தேன். வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். பப்பா கையிலிருந்த பேப்பரை மடித்தார், பிரித்தார். அம்மாதான் சமையலறையிலிருந்து வந்து, என்ன வேஷம் என்று கேட்டாள். வாத்தியார் தயங்கிக்கொண்டே சொன்னார்.

"சரி, செய்யட்டும்," என்றாள் அம்மா.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஜன்னலோரம் நின்று தலை வாரினால் தெரு பார்க்கிறது என்று திட்டுகிறவள், மேடையில் ஏறி ஊரே பார்க்க நடிக்கச் சரி என்கிறாள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்: ஒத்திகைக்குப் பப்பா துணைக்கு வர வேண்டும்.

கடற்கரைப் பக்கம் ஓடு வேய்ந்த பழைய கிடங்கு ஒன்றுதான் எங்கள் அரங்கம். ஒத்திகை நடக்கும்போது பப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் மேடையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தபடி இருப்பேன். மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் அவரும் சிரிப்பார், ஆனால் ஒரு கணம் தாமதமாக. அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நாடகத்தை நடத்திய சபாவில் ஒரு விதி இருந்தது. எந்த நாடகமும் மேடை ஏறுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் ஒத்திகை பார்த்து, ஒழுக்கத்துக்குப் பங்கம் இல்லை என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்தவர்கள் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பத்திரப்பதிவு செய்யும் நொத்தேர் ஒருவர், பட்டாளத்தில் பதக்கம் வாங்கிய பழைய சொல்தா ஒருவர். பிரம்பு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். சாராயக் கடையைச் சோதனை போட வந்தவர்கள் மாதிரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நன்னடத்தைச் சங்கக் காட்சியில் ஒருவர் உதடும் அசையவில்லை. வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. தடை போட்டுவிடுவார்கள் என்றே முடிவுகட்டிவிட்டோம்.

நான் குடையோடு நுழைந்தேன். நீதிபதி கையைத் தூக்கினார். எல்லோரும் அப்படியே நின்றோம்.

"பொத்தான் தப்பு," என்றார் நீதிபதி. "நடு மார்புல வராது. கழுத்துலேர்ந்து வலது பக்கமா சரிஞ்சு, கைக்குக் கீழ போவணும்."

அரியாங்குப்பத்துத் தையல்காரர் தனக்குத் தெரிந்தபடி சட்டை மாதிரி தைத்துக் கொடுத்த பச்சை அங்கி அது. எனக்கு எங்கே தெரியும்?

"வாஸ்தவம்தான்," என்றார் நொத்தேர். "பொத்தான்கூட இல்ல அது. சின்னச் சின்ன கொக்கி. ஒவ்வொண்ணா கழட்டுனா டிக் டிக்குனு சத்தம் கேக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க தம்பி சொல்லுவான். அவன்தான் அங்க இருந்தான்."

சொல்தாவால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். "குடைய அப்பிடித் தோள்ல சாய்க்கக்கூடாது, பாப்பா. அப்புறம் எது குடுத்தாலும் ரெண்டு கையால குடுப்பாங்க, தல குனிஞ்சு. வாங்குறதும் ரெண்டு கையாலதான். ஒத்தக் கையால ஒரு டம்ளர் தண்ணிகூட நீட்டமாட்டா." எல்லோரையும் பற்றி ஆரம்பித்தவர் யாரோ ஒருத்தியில் வந்து முடித்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வாத்தியார் தூண் மறைவில் நின்று கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் போட்டி. கொண்டை எங்கே இருக்க வேண்டும், செருப்பை எப்படிக் கழற்ற வேண்டும், சிரிக்கும்போது வாயை எந்தக் கையால் மறைப்பார்கள் என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒழுக்கத்தைச் சோதிக்க வந்தவர்கள் அதை மறந்தே போனார்கள். கடைசியில் நீதிபதி தொண்டையைச் செருமி, நாடகம் ஊருக்கு நல்ல படிப்பினை என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

அத்தனை அமளியிலும் கடைசி வரிசையில் பேப்பர் இறங்கவே இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. நீதிபதிக்குத் தெரிகிறது, நொத்தேருக்குத் தெரிகிறது, சொல்தாவுக்குத் தெரிகிறது. என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டு அவரோடு வீட்டுக்கு நடந்தேன்.

வாய்க்கால் பாலத்துக்கு வந்தபோது எனக்கு உறைத்தது. யுத்தத்துக்கு முன்னும் யுத்தம் முழுவதும் சைகோனில் இருந்த மனிதர் இவர். அந்த ஊர்ப் பெண்களின் உடுப்பில் கொக்கி எந்தப் பக்கம் என்று தெருவில் நடந்தாலே தெரிந்திருக்குமே. சும்மா பார்த்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பழகியவர்கள் உளறிவிடுவார்கள். எல்லாம் தெரிந்தவர்தான் பேப்பர் படிப்பார்.

"பப்பா, அந்த அங்கியில கொக்கி வலது பக்கமாவா வரும்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"நான் சுங்கத்துல வேல பாத்தேம்மா. தையக்கடையில இல்ல," என்றார். அவர் அப்படி வெடுக்கென்று பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். சொல்தா சொல்லிக்கொடுத்தபடி, காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து நீட்டினேன். பப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியவர் ஒரு கணமும் யோசிக்காமல் இரண்டு கையாலும் வாங்கி, தலையைத் தாழ்த்தினார். வாங்கிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்து, "ஆறட்டும்" என்றார். நான் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமை துளியும் இல்லை. பப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவரை நினைத்து அங்கே யாரோ ஒருத்தி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? அவளுக்குப் பிள்ளைகள் உண்டா? அந்தப் பிள்ளைகளுக்கும் இவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னாரா? இதெல்லாம் தெரியாமல் அம்மா அவருக்குச் சட்டை இஸ்திரி போடுகிறாள். இதில் நான் வேறு அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு அம்மா முன்னால் ஆடப்போகிறேன். நான் சந்தேகப்பட்டதை இன்னொருத்தர் சந்தேகப்பட எவ்வளவு நேரமாகும்? அரங்கத்தில் யாராவது ஒருவர் பப்பாவைத் திரும்பிப் பார்த்தால் போதும், அம்மா கதை முடிந்தது.

காய்ச்சல் என்று சொல்லி விலகிவிடலாம் என்று முடிவுசெய்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டா செய்யணும்," என்றாள். "பாதியில விட்டா அதுக்கு வேற கத கட்டுவாங்க. நானும் வந்து பாக்கறேன்."

அம்மா அதுவரை நாடகம் என்று எதற்கும் போனவள் இல்லை. எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிற்று.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கிடங்கு நிறைந்துவிட்டது. முன் வரிசையில் பெரிய வீட்டுக்காரர்களும் புது அரசாங்கத்து அதிகாரிகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் பப்பா, அவர் பக்கத்தில் அம்மாவுக்கு ஓர் இடம், அதற்கடுத்து பப்பாவின் தங்கையான என் அத்தை. திரைக்குப் பின்னால் தட்டி கட்டிய ஒரு மூலையில் நான் திருத்தித் தைத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்தாள். கையில் தலையணை உறையில் சுற்றிய பொட்டலம்.

"அதக் கழட்டு. இதப் போட்டுக்க," என்றாள்.

பிரித்தேன். வெளிர் ஊதாப் பட்டு. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பாச்சை உருண்டை வாசனை. கழுத்திலிருந்து வலது பக்கமாகச் சரிந்து கைக்குக் கீழே போகும் சின்னச் சின்னக் கொக்கிகள். கழுத்துப் பட்டியில் ஓர் இடத்தில் கிழிசலை யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள். கடையில் வாங்கிய புதுத் துணி இல்லை அது. ஒருத்தி உடுத்திய துணி.

"இது எங்கருந்தும்மா?"

"பப்பா பெட்டியில, அடியில இருந்துச்சு. அவரு வந்த வருஷமே பாத்தேன்."

ஊரெல்லாம் தேடி நான் கண்டுபிடித்ததை இவள் நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்தபோதே கண்டுபிடித்துவிட்டாள்.

"கேக்கலியா நீ?"

"என்னான்னு கேக்கறது?" அம்மா என் பச்சை அங்கியின் கொக்கிகளைக் கழற்றினாள். "பூச்சி அரிக்குதேன்னு வருஷா வருஷம் அவரு வெளிய போனப்புறம் வெயில்ல போட்டு எடுத்து வைக்கிறேன். அவருக்குத் தெரியாது."

"வேணாம்மா. எல்லாரும் பாப்பாங்க."

"எல்லாரும் துணியப் பாப்பாங்க. பாத்துட்டுப் போவட்டும். அவரு மூஞ்சிய நான் பாக்கணும். பேசிக் கேட்டா ஏதாச்சும் சொல்லி மழுப்பிருவாரு. இத்தன வருஷம் நான் கேக்காததே அதுக்குத்தான்."

அவளே எனக்குப் போட்டுவிட்டாள். அவள் விரல்கள் தேடாமல் தடவாமல் ஒவ்வொரு கொக்கியையும் மாட்டின. எத்தனை முறை அதை மடித்திருந்தால் அப்படிப் பழகியிருக்கும். எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அது பொருந்தியதுதான் என்னைக் கலக்கியது. என் உயரம், என் தோள். ஏறக்குறைய என் வயதுதான் இருந்திருக்கும். அவ்வளவு நாள் என் சந்தேகத்தில் ஒரு கெட்ட பெண்ணாக இருந்தவள் திடீரென்று என்னைப் போல ஒரு பெண்ணாகிவிட்டாள். அம்மா என் கொண்டையைச் சரிசெய்து, தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு தன் இடத்துக்குப் போனாள்.

என் கட்டம் வந்தது. குடையை விரித்துக்கொண்டு மேடையில் கால் வைத்தேன். கனவான்கள் சொல்லிவைத்ததுபோல் தொப்பியையும் மாலையையும் முகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் மேசைக்கு அடியில் போனார். கிடங்கு அதிரும்படி சிரிப்பு. நான் இரண்டாம் வரிசையைப் பார்த்தேன்.

பப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

மடியிலிருந்த தொப்பி கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன, எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவர்போல. என்னைத்தான் பார்த்தார், ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை.

அப்புறம் நடந்ததை எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியாது. கொடி மாறிய நாளிலிருந்து எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும், யாருக்கு நிற்க வேண்டும் என்பதில் எங்கள் பெரிய மனிதர்களுக்கு ஒரே குழப்பம். எந்தப் பாட்டு எந்த தேசத்துப் பாட்டு, வந்தவர் எந்த சர்க்காரின் அதிகாரி என்று தெரியாமல் அவமானப்பட்டதால், ஒருவர் எழுந்தால் எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பின்னால் ஒருவர் நிற்பதைப் பார்த்து நீதிபதி எழுந்தார். நீதிபதியைப் பார்த்து நொத்தேர் எழுந்தார். சொல்தா பதக்கத்தைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். புது அதிகாரிகளும் பார்த்துவிட்டு எழுந்தார்கள். மேடையில் இருக்கிற கனவான்கள் முகத்தை மறைக்க, கீழே இருக்கிற கனவான்கள் சைகோன் மதாமுக்கு எழுந்து மரியாதை செய்தார்கள். பின்பக்கம் பெஞ்சியில் இருந்த சனம் அதையும் நாடகம் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது.

அத்தனை சிரிப்புக்கு நடுவில் அம்மா மட்டும் பப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பார்க்க வேண்டியதை அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். அவள் ஏதோ சொன்னது தெரிந்தது, காதில் விழவில்லை. பக்கத்திலிருந்த அத்தை பிறகு சொன்னாள்.

"உக்காருங்க. அது நம்ம பொண்ணு."

அவர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து வரிசையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் பல்வலி வசனத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் பிரமாதமாக இருந்தது என்று வாத்தியார் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பட்டு அங்கியை மடித்துத் தலையணை உறையில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்தாள். அத்தை தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டாள். பப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நடந்தார். நான் ஓரடி பின்னால். எதிரே வந்தவர்கள் "பொன்ழூர்" சொல்லி, மகள் நன்றாக நடித்தாள் என்றார்கள். பப்பா ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். அவர் ஒரே நாளில் வயதானவராகத் தெரிந்தார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் தீரவில்லை. அம்மாமேலும் ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருஷம் இருவரும் ஒரே பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் காவல் இருந்திருக்கிறார்கள், நான் மட்டும் ஏமாந்த ஜென்மம் மாதிரி தூக்கம் கெட்டிருக்கிறேன்.

கூட்டம் குறைந்த இடத்துக்கு வந்ததும் பப்பா பேசினார். "அவ இல்ல இப்ப. யுத்தத்துல அங்க குண்டு போட்டப்பவே போயிட்டா."

"தெரியும்," என்றாள் அம்மா.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உயிரோட இருக்கிறவ துணிய யாரும் அப்பிடி மடிச்சு வச்சிக்கமாட்டாங்க."

பப்பா நின்றுவிட்டார். அம்மாவும் நின்றாள். அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், அதுவும் கேட்கவில்லை. அம்மா பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"பேரு என்னா அவளுக்கு?"

பப்பா சொன்னார். எனக்குக் கேட்டும் பிடிபடாத சின்னப் பெயர். அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க," என்றாள். பப்பா மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி, இன்னொரு தரம் சொன்னார்.